செம்பரம்பாக்கத்தில் ஒரு முக்குளிப்பான் ஊடு

பறவை பார்க்கப் போய், ஒரு பறவையின் குடும்பத்தையே கெடுக்கப் பார்த்தவன் நான். தொண்ணூறுகளின் நடுவில், பொங்கல் கழிந்த ஒரு ஞாயிறு அது. செம்பரம்பாக்கம் போக வாசகர் ஒருவர் வழி கேட்டிருந்தார். வழியோடு இதையும் சொல்லிவிடுகிறேன்.

திருநெல்வேலியிலிருந்து ஆவடி தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்து அப்போது எனக்கு ஆறு மாதம். சேக்காட்டிலிருந்து காலை ஐந்தே முக்காலுக்கு, குவார்ட்டர்ஸ் ஆட்கள் பதினொரு பேர் கிளம்பினோம். பூந்தமல்லியில் பஸ் மாறி, இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் நடந்து, ஏழே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரிய ஏரியை ஒட்டிய ஒரு தாங்கல், அதாவது சின்ன ஏரி. படகில் போய்ப் பறவை பார்க்க ஆளுக்குப் பத்து ரூபாய்; டீயும் பன்னும் அதில் அடக்கம்.

நடத்தியவர்கள் பூந்தமல்லி பஷீர் பாயும் அவர் மனைவி நூர்ஜஹான் அக்காவும். பாய் மரவேலைக்காரர். அவர் கையால் செய்த ஒரே படகு, இரண்டு பைனாகுலர், அவ்வளவுதான் கம்பெனி. கூடு இருக்கும் பக்கம் ஆள் போகக்கூடாது என்பது அக்கா போட்ட சட்டம். ஆரம்பித்து ஒரு வருடமாகியும் கூட்டம் இல்லை. படகை எடுத்தே ஒரு வாரமாகிறது என்றார் பாய்.

"நீங்க போயி நாலு பேராண்ட சொன்னாத்தான் உண்டு சார். இல்லாங்காட்டி படகை வித்துட்டு மறுபடி மரக்கடைக்கே போவ வேண்டியதுதான்," என்று டீ ஊற்றியபடியே சொன்னார்.

டீ முடிந்ததும் முதலில் படகருகே போனது நான். படகு கட்டிய கயிற்றில் அழுகிய பாசி ஒரு கூடையளவு சிக்கிக் கிடந்தது. தொழிற்சாலையில் எங்கள் ஷாப்பில் இடத்தைச் சுத்தம் செய்யாமல் வேலையைத் தொடங்கமாட்டோம். கை சும்மா இருக்குமா? ஒரு கம்பை எடுத்துத் தள்ளினேன்.

"ஊடு! ஊடு!" என்று கத்திக்கொண்டே அக்கா ஓடிவந்தார்.

'விடு' என்பதை இங்கே 'உடு' என்பார்கள் என்று கற்று வைத்திருந்தேன். கம்பை இன்னும் உள்ளே விடச் சொல்கிறார் என்று நினைத்து, உற்சாகமாக இன்னொரு தள்ளு தள்ளினேன்.

"யோவ், அது குப்பை இல்ல சார்! முக்குளிப்பான் ஊடு!"

ஊடு என்றால் வீடு! பாசி விலகிய இடத்தில் மூன்று முட்டைகள். ஆள் வருவது தெரிந்தால் முக்குளிப்பான் முட்டைகளைப் பாசியால் மூடிவிட்டுத் தண்ணீருக்குள் முங்கிவிடுமாம். அது முங்கியதைக் கண்டுதான் அக்கா கத்தியிருக்கிறார். கயிற்றை அவிழ்த்தால் கூடு மிதந்து போய்விடும்.

பாய் படகைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "இன்னிக்கு படகு இல்ல சார். எல்லாரும் கரை மேல போயிடுங்க. நாம இங்க நின்னுகினு இருந்தா அது வராது."

என் பக்கத்து வீட்டு வேலாயுதம், அவரும் எங்கள் ஊர்க்காரர்தான், என்மேல் பாய்ந்தார். "படகுன்னு சொல்லித்தானே வே கூட்டிட்டு வந்தீரு?" எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு முட்டைக் குடும்பத்தையும் ஒரு மனிதக் குடும்பத்தையும் ஒரே கம்பால் தள்ளிவிட்டேனே என்றிருந்தது.

கரைமேல் உட்கார்ந்தோம். பைனாகுலர் கைமாறிக்கொண்டே இருந்தது. எட்டரை ஆனது, ஒன்பது ஆனது. ஒன்பதே காலுக்குத் தண்ணீரில் ஒரு சின்னத் தலை முளைத்தது. சுற்றிப் பார்த்தது, முங்கியது, கூட்டருகே எழுந்து, மேலே ஏறி முட்டைகள்மேல் உட்கார்ந்தது. பைனாகுலர் அப்போது வேலாயுதத்திடம் இருந்தது. அதன்பிறகு அவர் அதை யாருக்கும் தரவில்லை.

அடுத்த ஞாயிறு காலை ஐந்தரைக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் வேலாயுதம். அவருக்குப் பின்னால் குவார்ட்டர்ஸ் ஆட்கள் இருபது பேர்.

"இன்னைக்கும் படகு கிடையாது வே," என்றேன்.

"படகு யாருக்கு வேணும்? ஊடு எப்படிக் கீதுன்னு பாக்கணும்," என்றார் அந்தத் திருநெல்வேலிக்காரர்.

பாயின் மகள்தான் இப்போது அதை நடத்துகிறார். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள், காலை ஏழு மணிக்கு முன் போய்விடுங்கள். பளீர் நிறச் சட்டை வேண்டாம், கைதட்டிப் பறவையைப் பறக்க வைக்க வேண்டாம். படகு இல்லை என்றால் முகம் சுளிக்காதீர்கள். அன்றைக்குத்தான் பார்க்க ஏதோ இருக்கிறது. தண்ணீரோரம் குப்பை மாதிரி எது கிடந்தாலும், கை வைக்கும் முன் அது யார் ஊடு என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.