என் கண்ணுக்கு நானே பயந்த நாட்கள்

தங்கையும் நானும் நாவற்குடாவில் ஒரே வளவுக்குள் இரண்டு வீடுகளில் இருக்கிறோம். எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீடு பெண்பிள்ளைகளுக்குத்தான். அம்மாவின் வளவை இரண்டாக்கிச் சீதனமாகத் தந்தார்கள். நடுவில் வேலிகூட இல்லை. அதனால் அவள் மகள் வாய் திறந்தால் என் குசினிக்குள் அடுப்படிவரை கேட்கும்.

அந்தப் பிள்ளை வாய் மூடுவதே இல்லை. காகத்தோடு கதைப்பாள், வாவி மீன் கொண்டுவருபவரோடு விலை பேசுவாள். அவளைவிட ஒரு வயது மூத்த என் மகனோ "மா" என்பதைத் தாண்டவில்லை. காதில் குறையில்லை, பொறுத்திருங்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். எனக்கேது பொறுமை? அவள் கதைப்பதைக் கேட்டு வெளியே சிரிப்பேன், வயிறு பற்றி எரியும். ஒரு பின்னேரம் அவள் முழுப் பாட்டொன்றைப் பிழையில்லாமல் பாடி முடித்தாள். இவளும் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன என்று நினைத்தேன்.

மறுநாளே அவளுக்குக் காய்ச்சல். பேச்சு நின்றுபோனது.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவள். மழைக்குப் பிறகு ஊரெல்லாம் டெங்கு என்று எனக்குத் தெரியாததா? ஆனாலும் முதல்நாள் நினைத்ததை மறக்க முடியவில்லை. இரத்தம் சோதிக்கக் கொடுத்துவிட்டு வந்த தங்கை, முடிவு வருவதற்குள் கண்ணூறாவது கழிப்போம் என்று என்னைத்தான் கேட்டாள். அக்கம்பக்கத்து வாசல்களில் காலடி மண் எடுத்துவரச் சொன்னாள். எல்லா வாசலிலும் ஒவ்வொரு சிட்டிகை எடுத்தேன். திரும்பும்போது ஒழுங்கையில் ஆளில்லாத இடமாகப் பார்த்துச் செருப்பைக் கழற்றினேன். என் காலடி மண்ணையும் கிள்ளி அதற்குள் போட்டேன்.

மண்ணோடு செத்தல் மிளகாயும் உப்பும் சேர்த்துப் பிள்ளையைச் சுற்றி அடுப்பில் போட்டேன். கண் பட்டிருந்தால் மிளகாய் எரியும் நெடி வராது என்பார்கள். வரவில்லை. ஒரு தும்மலாவது வரட்டும் என்று நெருப்புக்கு மேலே குனிந்து நின்றேன்.

"கண்டீங்களாக்கா? ஆரோ பொல்லாத கண்ணு வெச்சிரிக்காங்க," என்றாள் தங்கை.

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

டெங்குதான். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் மறித்து வார்டில் படுக்கவைத்துவிட்டார்கள். நானும் தங்கையும் மாறி மாறி நின்றோம். ஒவ்வொரு முறை இரத்தம் எடுத்துப்போகும்போதும் எனக்கு உயிர் போய் வந்தது. பிள்ளை கண்ணை மூடியபடி கிடந்தாள். மகள், கதை, ஒரு சொல்லாவது கதை என்று அவள் காதருகில் கெஞ்சினேன். இவள் பேசட்டும், என் மகன் பேசாவிட்டாலும் பரவாயில்லை என்று களுதாவளைப் பிள்ளையாரிடம் வேண்டத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அவனிடம் இருக்கும் அந்த ஒரு சொல்லையும் எடுத்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

ஒரு காலை அவள் கண் திறந்தாள்.

"பெரியம்மா, இந்தக் கட்டில் ஏன் இப்பிடிச் சத்தம் போடுது?"

நான் விம்மி அழுதேன். ஏன் அழுகிறேன் என்று கேட்டாள், அதற்குமேல் என்னென்னவோ கேட்டாள். கேட்கக் கேட்கப் போதவில்லை. வயிறு எரியவே இல்லை.

வீட்டுக்குப் போய்ப் படலையைத் திறந்ததும் மகன் ஓடிவந்து "மா" என்றான். பாதி தின்ற கொய்யாப்பழத்தை என் வாய்க்குள் திணித்தான். அவனிடம் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு வடிவான பிள்ளை என்று பார்த்துக்கொண்டே நின்றேன். சட்டென்று பயம் பிடித்தது. என் கண்ணே அவனுக்குப் பட்டுவிடும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.