அட்டைப்படத்தில் அம்மா

எங்கள் இரண்டாவது ஆல்பத்தின் அட்டையில் இருந்தது என் அம்மா. படம் எடுத்தது நான். அவளிடம் கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் சாக்குப்போக்கு மாதிரி இருக்கும்.

எங்கள் பேண்டில் மூன்று பேர். நான் பாடுவேன், பேஸ் கிட்டார் வாசிப்பேன். லீட் கிட்டார் வாசிப்பவன் பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் ஒருவரின் மகன். அந்தக் கடையின் மாடியில்தான் ஒத்திகை, ஒலிப்பதிவு எல்லாம். ட்ரம்ஸ்காரன் பக்கத்து ஊரான ஹாலிஎலக்காரன். முதல் ஆல்பம் முழுக்கக் காதல் பாட்டு. எங்களைத் தவிர யாரும் கேட்கவில்லை. அதனால் இரண்டாவதில் லயத்தை, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளைப் பாடினோம். பெயர் 'பெரட்டு'. தோட்டத்தில் காலையில் ஆட்களை நிற்கவைத்துப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிப்பதைத்தான் பெரட்டு என்போம். பாட்டெல்லாம் நான் எழுதியது. நான் ஒருநாள்கூடப் பெரட்டுக்குப் போனதில்லை.

அட்டைக்குப் படம் தேடியபோது என் போனில் இருந்ததைக் காட்டினேன். மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள், கொழுந்து நிறுக்கும் இடத்திலிருந்து அம்மா இறங்கி வருகிறாள். இடுப்பில் படங்கு, அதாவது செடி கிழிக்காமல் இருக்கச் சுற்றிக்கொள்ளும் சாக்கு. முழங்கால்வரை சேறு. தலையில் பழைய துணி. கெண்டைக்காலில் அட்டை கடித்து ரத்தம் வழிகிறது. அவள் என்னைப் பார்க்கவில்லை.

"மச்சான், இதுதான்டா கவர்" என்றான் கிட்டார்காரன். பிறகு கொஞ்சம் யோசித்தான். "உம்மாக்கிட்டக் கேட்டியா?"

"அதெல்லாம் அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றேன்.

பொய். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

தோட்டத்துப் பொம்பளைகள் வேலை உடுப்போடு டவுனுக்கு வர மாட்டார்கள். மருந்தெடுக்க வந்தாலும் குளித்து, சேலை மாற்றி, பவுடர் போட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். இது யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை. ஆனால் படங்கோடு பதுளை பஸ் ஸ்டாண்டில் நின்ற ஒருத்தியை நான் என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். அது என் அம்மா.

பதுளை டவுன் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். வகுப்பில் மயங்கி விழுந்துவிட்டேன். தோட்டத்துக்குப் போன் போனது. அவள் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து அப்படியே ஓடி வந்துவிட்டாள். பள்ளிக்கூட வாசலில் பையன்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அவளிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "இப்பிடியேவா வருவீங்க?" பிறகு அவளைப் பின்னால் விட்டுப் பத்தடி முன்னால் நடந்தேன். பஸ்ஸில் நான் முன்கதவால் ஏறினேன், அவள் பின்கதவால். அடுத்த வாரத்திலிருந்து மலைக்குப் போகும்போது ஒரு பையில் நல்ல சேலையை மடித்து எடுத்துப்போனாள். திடீரென்று கூப்பிட்டால் உடுத்துவதற்கு. நான் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை அந்தப் பை அவளோடு மலைக்குப் போனது.

அந்தப் படங்கைத்தான் நான் போஸ்டராக அடித்து பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டினேன்.

ஆல்பம் வெளியீடு ஒரு சனிக்கிழமை மத்தியானம், டவுனில் ஒரு மண்டபத்தில். அம்மாவுக்கும், லயத்தில் பக்கத்து அறையான காம்பிராவில் இருக்கும் அக்காவுக்கும் முன்வரிசையில் இரண்டு நாற்காலி வைத்திருந்தேன். அட்டையை மேடையில் வைத்துக் காட்டலாம், அவள் அழுவாள், சந்தோஷப்படுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாற்காலிகள் காலியாகவே இருந்தன. எனக்குக் கோபம் வந்தது. இந்த ஒருநாள்கூட வர முடியாதா என்று. அந்தக் கோபத்தோடுதான் பாடினேன். நன்றாகப் பாடினேன் என்று எல்லோரும் சொன்னார்கள். முடிவில் பின்னால் தொங்கிய பெரிய பேனரைக் காட்டி, "இது என் அம்மா" என்றேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒருவர், "இந்தப் படத்தில் உண்மை இருக்கிறது" என்றார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

மறுநாள் காலையில் லயத்துக்குப் போனேன். வாசலிலேயே அக்கா பிடித்துக்கொண்டாள்.

"பஸ்ஸ விட்டு எறங்குனோம்டா. நாந்தான் மொதல்ல பாத்தேன். 'அடியே, இது ஒன் படங்குடி'ன்னு சிரிச்சுப்புட்டேன். கியூவுல நின்ன சனமெல்லாம் செவுத்தையும் பாக்குது, அவளையும் பாக்குது. புதுச் சேல, தலையில பூ வேற. அப்பிடியே திரும்பி வந்த பஸ்லயே ஏறி ஒக்காந்துட்டா."

அம்மா உள்ளே ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"டவுனுக்கு நா என்னைக்காச்சும் அப்பிடி வந்திருக்கேனா?"

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

"ஒருவாட்டி வந்தேன். ஒனக்கு மறந்துபோச்சா?"

"மறக்கலம்மா."

"மறந்திருந்தாலாவது பரவால்ல." ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "பாட்டெல்லாம் கேட்டேன். அக்கா மகன் போன்ல போட்டுக் காட்டுனான். பெரட்டுல தப்பு மேளம் அடிக்கிறாங்கன்னு பாடுற. எந்தப் பெரட்டுலடா இப்ப தப்படிக்கிறாங்க? ஒருநாளு வந்து நின்னு பாத்திருக்கியா?"

"இல்ல."

"அப்ப ஒன் படத்தப் போட்டிருக்கலாமே. நீதான் நல்லா உடுத்திருக்க."

மன்னிப்புக் கேட்டேன். "சாப்பிடு" என்றாள். சாப்பிட்டேன். அது மன்னிப்பு இல்லை. பசியோடு வந்தவனுக்குச் சாப்பாடு, அவ்வளவுதான்.

அன்றைக்கே ட்ரம்ஸ்காரனும் நானும் வாளியும் தகரத்துண்டும் எடுத்துப்போய் போஸ்டர்களைச் சுரண்டினோம். இணையத்திலும் அட்டையை மாற்றினோம். இப்போது கறுப்பில் பெயர் மட்டும். 'பழைய கவர்தான் நல்லா இருந்துச்சு, ஏன் எடுத்தீங்க?' என்று ஒருவர் எழுதியிருந்தார். பதில் எழுதவில்லை. எழுதினால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும், அதுவும் அவருக்கு இல்லை.

போன மாதம் அம்மாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப்போக பஸ் ஸ்டாண்டில் நின்றேன். அவளுடைய பஸ் வந்தது. அவள் இறங்கவில்லை. கால்மணி நேரம் கழித்து மேட்டுப் பாதையால் நடந்து வந்தாள். ஒரு பஸ் தரிப்பு முன்னாலேயே இறங்கியிருக்கிறாள். நல்ல சேலை, முகமெல்லாம் வேர்வை.

"போஸ்டரெல்லாம் கிழிச்சாச்சும்மா. செவுரு காலியாத்தான் இருக்கு."

"தெரியும். அக்கா சொன்னா."

நடக்கத் தொடங்கினோம். கடைத்தெருப் பக்கம் திரும்பும் இடத்தில் அவள் நின்றாள்.

"நீ முன்னால போ. நா பின்னால வாறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. வழக்கம்போலச் சொன்னாள். நான் நகரவில்லை. அவளும் நகரவில்லை. ஆட்கள் எங்கள் இரண்டு பேரையும் இடித்துக்கொண்டு போனார்கள்.