எனக்கு முன்பே சிரித்துவிட்டார்கள்

இந்த ஊரில் டிசம்பர் இருபத்து நான்காம் தேதி மதியம் மூன்று மணிக்கு யாருக்கும் போன் செய்யக் கூடாது. சுவீடனுக்கு வந்து ஆறு வருடமாகியும் எனக்கு இது தெரியாமல்தான் இருந்தது. கீழ்வீட்டு பிர்கிட்டா, எழுபதைத் தாண்டியவர், போன டிசம்பரில் என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, மூன்று மணிக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து உட்காருவோம், நீயும் வா என்றார். ஏதோ பிரார்த்தனை என்று நினைத்துக்கொண்டு பட்டுப்புடவை கட்டி, ஒரு டப்பா கேசரியோடு போனேன். அவருடைய மகன், மருமகள், பேத்திகள் எல்லோரும் சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எதிரே டிவி. வருடந்தோறும் இதே நாளில், இதே நேரத்தில், ஏதோ பழைய கார்ட்டூன் தொகுப்பைப் பாதி நாடு பார்க்கிறதாம். அடுத்து என்ன வரும் என்று எல்லோருக்கும் மனப்பாடம். வசனத்தை பிர்கிட்டா முன்கூட்டியே சொல்ல, சின்னப் பேத்தி அவர் மடியில் புரண்டு புரண்டு சிரித்தாள். பட்டுப்புடவையோடு ஓரமாக உட்கார்ந்திருந்த எனக்கு வயிறு எரிந்தது. ஒரு கிழவியையும் குழந்தையையும் பார்த்து இப்படிப் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸில் அந்த மடியும், என்ன பார்ப்பது என்று முடிவு செய்யும் வேலையும் என்னுடையவை. அப்பா சுரங்கத்தில் ஷிப்ட் வேலை பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்த குடும்பம். பண்டிகைக்கு ஊருக்குப் போக லீவு கிடைக்காத வருடங்களே அதிகம். அதனால் தீபாவளியும் பொங்கலும் எங்களுக்கு டிவி முன்னால்தான். பேப்பரில் சிறப்பு நிகழ்ச்சிகளின் பட்டியல் வந்ததும் நான் பேனாவோடு உட்கார்ந்துவிடுவேன். அப்பாவுக்கு முதல் ஷிப்ட் என்றால் மதியம் இரண்டரைக்கு மேல் வரும் படம். இரண்டாம் ஷிப்ட் என்றால் காலை பத்து மணிப் பட்டிமன்றம். தம்பி குமார் கிரிக்கெட் கேட்டு அழுவான். கடைசியில் அம்மா, "மாலா எழுதினதுதான்" என்று முடித்துவிடுவாள். அந்தத் தாளை டிவி பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டுவேன். அதை மாற்றி எழுத யாருக்கும் அனுமதி இல்லை.

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். குமாருக்குச் சுரங்கத்திலேயே எலெக்ட்ரிக்கல் பிரிவில் பர்மனென்ட் வேலை. இப்போது குவார்ட்டர்ஸ் அவன் பெயரில், வேறு பிளாக்கில். அவன் மனைவி செல்வி, நெய்வேலிக்குப் பக்கத்துக் காடாம்புலியூர்க்காரி. கல்யாணமாகி ஐந்து வருடமாகிறது. அம்மாவுக்கு இப்போதெல்லாம் என்ன பார்க்கலாம் என்று சொல்வது அவள்தான். "செல்வி சொன்னா, அது நல்லா இருக்குமாம்" என்று அம்மா போனில் சொல்லும்போதெல்லாம் பேச்சை வேறு பக்கம் திருப்புவேன்.

போன தீபாவளிக்கு நான் ஒரு ஏற்பாடு செய்தேன். அங்கே வரும் சேனலை இங்கே பார்க்க ஒரு ஆப் வாங்கினேன். அவர்கள் போனை டிவி பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு வீடியோ காலில் இருக்க வேண்டும். நான் லேப்டாப்பில் பார்ப்பேன். ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பது போலவே இருக்கும் என்று கணக்குப் போட்டேன். விடியுமுன் எழுந்து, குளித்து, புதுப்புடவை கட்டி உட்கார்ந்தேன். பட்டிமன்றம் ஆரம்பித்து ஐந்து நிமிடத்தில் போனில் அம்மாவும் செல்வியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் லேப்டாப்பில் பேச்சாளர் அப்போதுதான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லப்போன வேடிக்கை எனக்கு அரை நிமிடம் கழித்து வந்து சேர்ந்தது. அதற்குள் அவர்கள் சிரித்து முடித்து, செல்வி அம்மாவின் தோளில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் சத்தத்தைக் குறையுங்கள், சிரிக்காமல் இருங்கள் என்றேன். அம்மா பாவம், வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பேச்சு காதில் விழாமல் அவள் திணறுவதைப் பார்த்துச் செல்வி மறுபடி சத்தத்தைக் கூட்டினாள்.

அப்போது சொன்னேன். "எங்க வீட்ல என்ன பாக்கணும், எப்படிப் பாக்கணும்னு நேத்து வந்த நீ முடிவு பண்ணாத."

செல்வி ரிமோட்டை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அம்மா என்னைத் திட்டவும் இல்லை. டிவியை அணைத்துவிட்டு, அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்தாள். அதன் பிறகு செல்வி என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை.

பிர்கிட்டா வீட்டில் கார்ட்டூன் முடிந்து காபி குடிக்கும்போது, முகம் ஏன் வாடியிருக்கிறது என்று அவர் கேட்டார். என் அரைகுறை சுவீடிஷில் எனக்குப் பொறாமை என்று சொல்ல வந்தேன். இவர்கள் மொழியில் பொறாமைக்கு இரண்டு சொற்கள். நான் சொன்னது 'ஸ்வார்ட்ஹூக்'. பிர்கிட்டா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண் யார், உன் கணவர் எத்தனை நாளாக இப்படி என்று ரகசியமாகக் கேட்டார். வீட்டில் தேமே என்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த முரளியின் மானத்தைக் காப்பாற்ற எனக்குப் பத்து நிமிடம் ஆனது. விஷயம் புரிந்ததும் பிர்கிட்டா சிரித்தார். அடுத்தவர் கையில் இருப்பது நமக்கு வேண்டும் என்றால் ஒரு சொல்லாம். நம் கையில் இருப்பதை அடுத்தவர் எடுத்துக்கொள்வார் என்று பயந்தால் இன்னொன்றாம், நான் சொன்னது. உனக்கு எது என்று கேட்டார். மாடியேறி வந்த கையோடு பொங்கலுக்கு டிக்கெட் போட்டேன். மகள் நிலாவுக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் அவளும் முரளியும் வரவில்லை.

பொங்கலன்று காலை, பொங்கல் இறக்கியபின், செல்வி முந்திரியை நெய்யில் வறுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று, தீபாவளிக்கு நான் பேசியது தப்பு என்றேன். அவள் கரண்டியை நிறுத்தவில்லை. பிறகு அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எங்கப்பா இங்க கான்ட்ராக்ட்ல தோட்ட வேல செஞ்சாருங்க அண்ணி. பொங்கலன்னிக்கும் வேல இருந்தா என்னயும் கூட்டிகினு வருவாரு. எங்க வூட்ல டிவி கெடையாது. ஒரு குவார்ட்டர்ஸ் ஜன்னலாண்ட செங்கல் போட்டு ஏறி நின்னுகினு பாப்பேன். சத்தம் கேக்காது. உள்ள அவங்க சிரிச்சா நானும் சிரிப்பேன். அந்த வூட்ல ஒரு அக்கா பேனா வச்சிகினு ஒக்காந்திருக்கும். அது மேல எனக்கு அப்படி ஒரு பொறாமைங்க."

எந்த பிளாக் என்று கேட்டேன். ஞாபகம் இல்லை என்றாள். முந்திரியைப் பொங்கலில் கொட்டிவிட்டு, எல்லா குவார்ட்டர்ஸும் வெளியிலிருந்து ஒரே மாதிரிதானே இருக்கும் என்றாள். ரிமோட்டை எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. நீயே போடு, எனக்கு இதெல்லாம் விட்டுப்போய் நாளாச்சு என்றேன். அன்று குமாருக்கு முதல் ஷிப்ட்; பத்து மணிக்கு நாங்கள் மூவரும் பாயில் உட்கார்ந்தோம். அம்மா நடுவில். சிரிப்பு மூவருக்கும் ஒரே சமயத்தில் வந்தது. ஆனால் அம்மா சிரித்துவிட்டு முதலில் திரும்பிப் பார்த்தது செல்வி பக்கம்தான். ஐந்து வருடப் பழக்கம். அதைப் பார்க்காதது போல இருந்துகொண்டேன்.

காணும் பொங்கல் சனிக்கிழமை வந்தது. மாலைப் படத்தின் விளம்பர இடைவேளையில் நிலாவைக் கூப்பிட்டேன். அங்கே மதியம்கூட ஆகவில்லை. அப்பாவும் மகளும் ஒரே போர்வைக்குள், டிவியில் பனிச்சறுக்குப் போட்டி. அவள் என் முகத்தையே பார்க்கவில்லை.

"அம்மா, இப்ப வேணாம். கடைசி ரவுண்டு. நம்மாளு முன்னாடி போயிட்டிருக்காரு."

அந்த ஊரில் நமக்கென்று ஒரு ஆள் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. யார், பெயர் என்ன என்று கேட்டேன். முரளி உதட்டில் விரல் வைத்துக் காட்டினான். போனை டிவி பக்கம் திருப்பினார்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரே வெள்ளை, அதில் எறும்பு மாதிரி யாரோ இறங்கிக்கொண்டிருந்தார். அதற்குள் இங்கே படத்தைப் போட்டுவிட்டார்கள். கதாநாயகன் கதவை உதைத்துக்கொண்டு வர, அம்மாவும் செல்வியும் ஒரே குரலில் கத்தினார்கள். போனுக்குள் நிலாவும் முரளியும் கத்தினார்கள். அந்த நம்மாளு ஜெயித்தாரா, இந்தப் படத்தில் கதவுக்குப் பின்னால் இருந்தது யார், இரண்டுமே எனக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் எல்லோரும் எழுந்து நின்றிருக்க, நான் மட்டும் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.