ஈரிழைத் துண்டு போட்ட நாற்காலி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னை மட்டமாக நினைக்க வேண்டாம்: காலியாகக் கிடந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஒரு பகல் முழுக்கக் காவல் இருந்த முட்டாள் நான். கூலி கிடையாது, சீருடை கிடையாது, ஆயுதமாக ஓர் ஈரிழைத் துண்டு மட்டும். கொப்பரை வாசனை ஊறிப்போன துண்டு அது. எத்தனை சோப்புப் போட்டு அடித்துத் துவைத்தாலும் அந்த எண்ணெய்ப் பிசுக்கு வாசனை அதைவிட்டுப் போகாது. இன்றைக்கும் யாராவது தேங்காய் எண்ணெய் டின்னைத் திறந்தால் மற்றவர்களுக்குத் தலைமுடி ஞாபகம் வரும், எனக்கு அந்த நாற்காலிதான் ஞாபகம் வரும். என் தலையில் எண்ணெய் வைக்க இப்போது எதுவும் மிச்சமில்லை என்பது வேறு விஷயம்.

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் என் அப்பாவுக்கு ஒரு கொப்பரைக் களம் இருந்தது. உடைத்த தேங்காயைப் பரப்பி வெயிலில் காயவைக்கிற அகலமான சிமெண்டுத் தரை. ஊருக்கு அது களம், எனக்கும் குமரேசனுக்கும் அது தாள். காய்ந்த கொப்பரையை வாரிச் சாக்கில் கட்டியபின் தரை வெறுமையாகும் சாயங்காலங்களில், "தொட்டிக்கரி" என்று நாங்கள் சொன்ன தேங்காய் ஓட்டுக் கரியை எடுத்துக்கொண்டு, கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் படக்கதை வரைவோம். முட்டி இரண்டும் கறுத்து நாங்கள் வீட்டுக்குப் போகும்போது என் அம்மா வாசலிலேயே தண்ணீர்க் குடத்தோடு நிற்பார்.

குமரேசன், களத்துக்கு லாரி ஓட்டியவரின் மகன். அவன் பேசுவதே அபூர்வம். பேச வேண்டியதையெல்லாம் எங்கள் கதாநாயகன் ஏஜெண்ட் நாச்சிமுத்துவை விட்டுப் பேசவைத்துவிடுவான். எங்கள் ஆட்டத்துக்கு ஒரே சட்டம்தான். "மாட்டிவிடறது" என் வேலை, "காப்பாத்தறது" அவன் வேலை. இன்றைக்கு நான் நாச்சிமுத்துவை முதலை வாயில் கொண்டுபோய் விட்டால், நாளைக்கு அவன் அந்த முதலைக்குப் பல்வலி வரவழைத்து ஆளை மீட்பான். எங்கள் வில்லன் கறுப்புக் கண்ணாடி போட்டவன், துப்பாக்கியை நீட்டிக்கொண்டு, "அசையாதீங்க, சுட்டுப்போடுவேனுங்க" என்பான். பட்டணத்து வில்லன்கள் இவ்வளவு மரியாதையாகப் பேசுவதில்லை என்பது எங்களுக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் அடிக்க வருகிறவன்கூட 'ங்க' போட்டுத்தான் அடிப்பான்.

பள்ளிக்கூடத்தில் மற்றவர்களுக்குக் கிரிக்கெட். எங்களுக்குப் "பொம்மைக்காரனுக" என்று பட்டம். இரண்டு பேர் சேர்ந்து வாங்கினால் பட்டம்கூடப் பெரிய பாரமில்லை. அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் குமரேசனின் அப்பாவுக்குப் பெருந்துறைத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி வேலை கிடைத்தது. அவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் நான் நாச்சிமுத்துவைப் பாழுங்கிணற்றில் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தேன். கீழே தண்ணீர், மேலே கறுப்புக் கண்ணாடிக்காரன், கையில் அரிவாள். மறுநாள் காப்பாற்ற வேண்டியவன், சாமான் ஏற்றிய லாரியின் மேல் பாய்ச்சுருட்டுக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான். அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. அழுகை வரும்போதெல்லாம் கோமாளித்தனம் செய்து தப்பிப்பது என் பிறவிக் குணம். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னேன்:

"போனாப் போடா! உன்னையவிட நல்லா வரையற ஒருத்தன நாளைக்கே புடிச்சுப்போடுவேன், பாரு!"

"புடி" என்றான் குமரேசன். லாரி போய்விட்டது.

நான் யாரையும் பிடிக்கவில்லை. கொப்பரை வாரும் ஒவ்வொரு தடவையும் கிணறு அழிந்துபோகும். சாயங்காலம் போய் நான் அதே கிணற்றைத் திரும்ப வரைவேன், நாச்சிமுத்துவைத் திரும்பத் தொங்கவிடுவேன். நானே மீட்டிருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் சட்டம் சட்டம்தான். அதுவுமில்லாமல், எப்படி மீட்பது என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. இவ்வளவு பெரிய களத்தில், கரியோடு நானும், தலைகீழாக ஒருத்தனும். மாட்டிவிட ஆள் இருந்தது, காப்பாற்றத்தான் ஆள் இல்லை.

அப்போதுதான் செய்தித்தாளில் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறிவிப்பு கண்ணில் பட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூரில் ஒரு சமுதாயக் கல்லூரியில் படக்கதை, கேலிச்சித்திரம் பிடித்தவர்களின் சந்திப்பு, யாரும் வரலாம், அனுமதி இலவசம். குமரேசனின் அப்பா வேலை பார்த்த கம்பெனி விலாசத்துக்கு அன்றைக்கே அஞ்சலட்டை போட்டேன். இடத்தையும் நேரத்தையும் எழுதி, கீழே, "நாச்சிமுத்து இன்னும் கெணத்துலதான் கெடக்கறான். நீ வந்தாத்தான் ஆகும்" என்று எழுதினேன். பதில் வரவில்லை. பேசவே பேசாதவன் எழுதவா போகிறான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"பொம்மை போடறதுக்கு எதுக்குடா காலேஜு?" என்றார் அப்பா.

"ஓசிதானுங்க, போயிட்டு வரட்டும். மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுத் திரியறான்" என்றார் அம்மா. குமரேசனுக்கும் சேர்த்து இரண்டு டப்பாவில் தக்காளிச் சோறு கட்டினார்.

அப்பா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் தோளில் போட்டார். "எங்க போனாலும் மொதல்ல துண்டப் போட்டுரு கண்ணு. துண்டு உளுந்த எடத்துல ஒருத்தனும் உக்கார மாட்டான்." பஸ்ஸுக்குத்தான் சொன்னார். எங்கள் பக்கத்தில் ஜன்னல் வழியாக சீட்டில் துண்டு விழுந்துவிட்டால் அது பத்திரப் பதிவு மாதிரி. யாருக்குப் போட்டது என்று கேட்பதுகூட மரியாதையில்லை, பார்த்தவர்கள் பேசாமல் நகர்ந்து போய்விடுவார்கள். அப்படித்தான் பொள்ளாச்சியிலிருந்து கோயமுத்தூர் உக்கடம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து போனேன்.

அந்தக் கல்லூரியில் மற்ற நாட்களில் தையலும் பிரிட்ஜ் ரிப்பேரும் சொல்லிக்கொடுப்பார்கள். சந்திப்பு நடந்தது பிரிட்ஜ் வகுப்பில். சுவரோரம் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு வரிசையாகப் பழைய பிரிட்ஜுகள், அவையும் படக்கதை கேட்க வந்து வாயைப் பிளந்து நிற்பதுபோல. நடத்தியவர் அமல்ராஜ் சார். பிரிட்ஜ் பாடம் எடுப்பவர், பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரமும் போடுவார். வந்திருந்தவர்களைப் பார்த்து எனக்கு மயக்கமே வந்தது. வங்கிக்காரர் ஒருவர், காலேஜ் பையன்கள், யானையை மட்டுமே வரைவேன் என்று சொன்ன ஒரு ரெட்டைச்சடைப் பெண், பை நிறையப் பழைய படக்கதைப் புத்தகங்களோடு ஒரு பெரியவர். உலகத்தில் இத்தனை "பொம்மைக்காரனுக" இருக்கிறார்களா!

நான் செய்த முதல் காரியம், நடைபாதையை ஒட்டிய கடைசி நாற்காலியில் துண்டைப் போட்டதுதான். வருகிறவன் யாரையும் தாண்டாமல் வந்து உட்காரட்டும் என்று ஏற்பாடு. அதற்கு அடுத்ததில் நான் உட்கார்ந்தேன். பைக்காரப் பெரியவர் நேராக என்னிடம்தான் வந்தார். "இங்க ஆளு இருக்குதுங்களா தம்பி?"

"வருதுங்க."

அவர் இரண்டு வரிசை முன்னால் போய் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் அந்தப் பையைச் சுற்றி ஈ மொய்ப்பதுபோல் கூட்டம். யானைக்காரப் பெண்ணும் ஒருமுறை துண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்விட்டாள். கதவு எனக்குப் பின்னால் இருந்தது. அது கிறீச்சிடும்போதெல்லாம் திரும்பினேன். வாட்ச்மேன். டீ கொண்டுவந்தவர். மறுபடியும் வாட்ச்மேன். அவர் எனக்கு வணக்கமே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அமல்ராஜ் சார் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். "ஒரு கட்டம் வரைஞ்சு வலதுகைப் பக்கம் குடுத்துருங்க. கதையில ஒரு சிக்கலப் போட்டுக் குடுங்க, வாங்கறவங்க அதைத் தீர்த்து வெப்பாங்க. கடைசியில இருக்கறவங்க பின்வரிசைக்குக் குடுங்க" என்றார். எங்கள் ஆட்டம்! எங்கள் களத்து ஆட்டத்தை இவர்கள் காலேஜில் வைத்து ஆடுகிறார்கள்! அவசர அவசரமாகக் கிணற்றை வரைந்து நாச்சிமுத்துவைத் தொங்கவிட்டு வலதுகைப் பக்கம் நீட்டினேன். அங்கே துண்டு இருந்தது.

இடப்பக்கத்திலிருந்து தாள்கள் வந்துகொண்டே இருந்தன, துண்டின்மேல் குவிந்துகொண்டே இருந்தன. பின்வரிசைக்காரர்கள் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்த சேருக்கு ஆளு எங்கீங்க தம்பி?"

"வந்துட்டே இருக்குதுங்க சார்."

"சரி, வர்ற வரைக்கும் அவருக்கும் சேர்த்து நீங்களே வரைஞ்சு போடுங்க."

அதைத்தான் செய்தேன். என் நாற்காலியில் வலதுகையால் வரைவது, துண்டை எடுத்து என் நாற்காலியில் போட்டுவிட்டு அந்த நாற்காலிக்குத் தாவுவது, அங்கே குமரேசனாகி இடதுகையால் வரைவது, மறுபடி துண்டை மாற்றிப் போட்டுவிட்டுத் திரும்பி வருவது. என் சீட்டையே நான் துண்டு போட்டுப் பிடிப்பதைப் பார்த்துக் கூடம் குலுங்கிச் சிரித்தது. சிரிப்பு வந்தால் எனக்குத் தாங்காது, இன்னும் இரண்டு தடவை வேண்டுமென்றே தாவினேன். ஆனால் கிணற்றுத் தாள் கைக்கு வந்தபோது குமரேசனின் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவன் என்ன செய்திருப்பான் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். கடைசியில், காப்பாற்றத் தெரியாமல், கிணற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் உயர்த்தி மட்டும் வரைந்து, பின்வரிசைக்குக் கொடுக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் மரத்தடியில் உட்கார்ந்து புத்தகம் மாற்றிக்கொண்டார்கள். அவர்களுடைய பேச்சும் சிரிப்பும் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தன. "வாங்க தம்பி" என்று அந்தப் பெரியவர் கைகாட்டிக் கூப்பிட்டார். நாற்காலியை விட்டுப் போனால் வருகிறவனுக்கு அடையாளம் தெரியாதே என்று பிரிட்ஜுகளோடு உட்கார்ந்து என் டப்பாவைச் சாப்பிட்டேன். பிறகு, பசி ஒன்றும் இல்லை, அவன் டப்பாவையும் சாப்பிட்டேன். அன்றைக்கு நான் குமரேசனுக்குச் செய்த கெடுதல் அது ஒன்றுதான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்குமேல் கதவு சத்தம் கேட்டாலும் திரும்பவில்லை. கழுத்து வலி, கொஞ்சம் ரோஷம். துண்டை மட்டும் எடுக்கவில்லை.

சாயங்காலம் நாற்காலிகளை அடுக்கினார்கள். என் பக்கத்து நாற்காலியைத்தான் கடைசியாகக் கேட்டு வாங்கினார்கள்.

"ஆளு வரலீங்களா?" என்றார் அமல்ராஜ் சார்.

"பஸ்ஸு லேட்டுங்க சார்" என்றேன்.

அதற்குப்பின் நான் அவனுக்கு எழுதவில்லை, அவனும் எழுதவில்லை. மீசை வந்தது, பிழைப்பு வந்தது. இப்போது வீட்டு பிளான் வரைகிறேன், அதிலும் கட்டம் கட்டமாகத்தான். "கெணறு எந்த மூலையில வருமுங்க?" என்று யாராவது கேட்டால் கை கொஞ்சம் நின்று வேலை செய்யும். அந்தப் பிரிட்ஜ் வகுப்பு இருந்த கட்டிடம் இப்போது இல்லை. அப்பாவின் களமும் இல்லை. அதன்மேல் தார் ஊற்றி, ஒரு கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடமாக்கிவிட்டார்கள். அங்கே போகும்போதெல்லாம், நாச்சிமுத்துவின் தலைக்குமேல் யாருடைய கார் நிற்கிறது என்று என்னையறியாமல் பார்ப்பேன்.

போன முகூர்த்தத்தில் அந்த மண்டபத்துக்கே ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் என் மனைவிக்கு ஒரு நாற்காலி பிடித்து அதில் கைக்குட்டையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், எதிர் இலையில் குமரேசன். தலை நரைத்திருந்தது, பேச்சு மட்டும் வளரவே இல்லை. பெருந்துறையிலேயே சொந்தமாக லேத் பட்டறை வைத்திருப்பதாக அவனிடமிருந்து பிடுங்கித்தான் தெரிந்துகொண்டேன். சாம்பாரைத் தாண்டி ரசத்துக்கு வந்தோம், என் மனைவி இன்னும் மேடைப் பக்கமிருந்து வந்து சேரவில்லை. வழக்கம்போல விளையாட்டாகக் கேட்பதுபோலக் கேட்டேன்:

"ஏன்டா, அன்னிக்குக் கோயமுத்தூர் காலேஜுக்கு ஒரு நடை வந்திருந்தா என்னடா கொறஞ்சு போயிருப்பே?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. என் பக்கத்து நாற்காலியில் கிடந்த கைக்குட்டையைப் பார்த்தான். பிறகு குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்:

"வந்தேன். உம் பக்கத்துல துண்டு கெடந்துச்சு."