தொட்டுப் பார்த்துப் பறித்த எட்டு மிளகாய்

சரக்கு ரயில் ஓட்டும் அவரைப் பணிமனையில் எல்லோரும் ‘நிதானம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடத்தில் ஒரு சிவப்பு விளக்கைக்கூடத் தாண்டியதில்லை. வீட்டு பால்கனியில் ஆறு பெயின்ட் வாளிகளில் மிளகாய்ச் செடி வைத்திருக்கிறார். பறிப்பது அவர் வேலை. சமைப்பதும் கேலி செய்வதும் மனைவியின் வேலை.

பழம் பறிக்க அவருக்கென்று ஒரு முறை உண்டு. இரண்டு விரலால் மெல்ல அழுத்துவார். காய் விறைப்பாக இருந்தால் விட்டுவிடுவார். சற்று இளகி, காம்பைத் தூக்கியதும் கழன்று வந்தால் பழம்.

“கண்ணால பாத்தாலே தெரியுமே, எதுக்கு நாடி பிடிச்சுப் பாக்குறீங்க?” என்பாள் மனைவி.

அன்று காலை விதைக்கு எட்டுப் பழம் கேட்டாள். மூன்று நாளாக இருவருமே தண்ணீர் ஊற்ற மறந்திருந்தார்கள். செடிகள் துவண்டு, பிஞ்சுகூடத் தொட்டால் இளகியது. அவர் எட்டு மிளகாய் கொண்டுவந்து தட்டில் வைத்தார். மூன்று சிவப்பு. ஐந்து பச்சை.

“தூக்கத்துல பறிச்சீங்களா?” என்று சிரித்தாள். “சரி, பச்சையெல்லாம் தனியா எடுத்து வைங்க.”

அவர் கை தட்டுக்கு வந்தது. ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கத் தொடங்கியது. அவள் சிரிப்பு நின்றது.

உள்ளே போய்த் தன் தம்பிக்கு போன் செய்தாள். கணவருக்கு உதவி ஓட்டுநராக நேற்றுவரை கூடப் போனவன் அவன்தான்.

“மாமா வண்டியில எப்படிடா இருக்காரு?”

“அவருக்கென்ன, ராஜா மாதிரி. சிக்னலை ரெண்டு பேரும் சத்தமா சொல்லணும் இல்லையா, அஞ்சாறு மாசமா என்னைத்தான் முதல்ல சொல்லச் சொல்றார். நான் பச்சைன்னா அவரும் பச்சைம்பார். ஏன்க்கா?”

“இன்னிக்கு நீ போகல?”

“என்னை வேற பாதைக்கு மாத்திட்டாங்களே. இன்னிக்கு அவர்கூடப் போறவர் வாயே திறக்க மாட்டார்.”

அவள் திரும்பி வந்தபோது அவர் சீருடை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தார். வண்டி இரண்டு மணிக்கு.

“இன்னிக்குப் போக வேண்டாம்.”

“அடுத்த மாசம் கண் பரிசோதனை வருது. அப்ப பாத்துக்கலாம்.”

“அதுவரைக்கும்?”

அவர் ஷூ நாடாவை இழுத்துக் கட்டினார். “நிதானமா போய்க்குவேன்.”

அவள் அவர் எதிரிலேயே பணிமனை எழுத்தரின் எண்ணை அழுத்தினாள்.

“அண்ணே, இவரை எஞ்சின்ல ஏற விடாதீங்க.”

எழுத்தர் சிரித்தார். “என்னம்மா, வீட்ல சண்டையா?”

“இல்லண்ணே. இவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியல.”

மறுமுனையில் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. எழுத்தரின் குரல் இறங்கியிருந்தது.

“எத்தனை நாளா?”

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் குனிந்து, கட்டிய ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.