பாதியில் திறந்த ஓவன்

சுபாங் ஜெயாவில் என் கல்லூரிக்கு எதிரே இருக்கும் பேக்கரியிலிருந்து வெண்ணெய் வாசனை எழும்போதெல்லாம், இன்று கொண்டோமினியமாகிவிட்ட பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸின் குறுகலான சமையலறைக்கு நான் போய்விடுகிறேன். அங்கே சித்தி மாவைத் தேய்த்து, வெண்ணெய் தடவி, மடித்து, ஈரத்துணி போர்த்தி வைத்து, மறுபடியும் தேய்ப்பாள். பூரிக்கட்டை உருளும் சீரான ஓசையைக் கேட்டபடியே நான் வீட்டுப்பாடம் எழுதுவேன்.

பெட்டாலிங் ஜெயா தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, பிஸ்கட் சுட்டு விற்க அவள் விரும்பினாள். தன் கடையில் வைத்து விற்கலாமா என்று ருசிபார்க்கக் கடைக்கார ஆன்டி வருவதாக இருந்த மாலையில், அடுக்குகள் எழும்புவதைப் பார்க்கும் ஆசையில், எட்டு வயதான நான் ஓவன் கதவைத் திறந்தேன். பிஸ்கட்டுகள் அப்படியே அமுங்கிப்போயின.

"பாதியில யாரு தொறந்தா?" என்றாள் அம்மா.

சித்தி என்னை ஒரு கணம் பார்த்தாள். "நாந்தான்க்கா. ஆன்டிய வர வேணாம்னு சொல்லிடுறேன்."

"உனக்கு ஃபேக்டரிதான் சரி லா."

சித்தி இன்னும் அந்தத் தொழிற்சாலைக்குத்தான் போகிறாள். தீபாவளிதோறும் அம்மா இந்தக் கதையை வேடிக்கையாகச் சொல்ல, வந்தவர்கள் சிரிக்கிறார்கள், சித்தியும் சிரிக்கிறாள். நான் பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன்.