கொட்டகையில் வைத்த கணு

அந்த வருஷத்துக் கணுவன்று பசித்த மாதிரி எனக்கு வேறு எந்தப் பண்டிகையிலும் பசித்ததில்லை.

மைசூரில் பிளேக் பரவியிருந்தது. அக்ரஹாரத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு, ஊருக்கு வெளியே சாமுண்டி மலை தெரியும் பொட்டலில் கீற்றுக் கொட்டகை போட்டுக் குடியேறியிருந்தோம். மாமா, அம்மாவின் ஒரே தம்பி, எங்களோடு இருந்து காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். போகிக்கு முன்னால் அவருக்குக் காய்ச்சல் கண்டு நெறி கட்டிவிட்டது. வண்டியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். யாரும் பார்க்கப் போகக்கூடாது என்று உத்தரவு.

பொங்கலுக்கு மறுநாள் கணு. உடன்பிறந்தவன் நன்றாயிருக்க வேண்டுமென்று பெண்கள் முதல் நாள் சாதத்தை மஞ்சளும் சிவப்புமாகப் பிசைந்து, பிடிபிடியாகக் காக்கைக்கு வைப்பார்கள். அம்மாவுக்கு அவள் அம்மா சொல்லிக் கொடுத்தது. அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் காக்கை எடுத்த பிறகுதான் சாப்பாடு. என் தம்பி நன்றாயிருப்பதற்கு நான் ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்று வருஷா வருஷம் கேட்பேன். அவனோ அதற்குள் இரண்டு வாழைப்பழம் தின்றிருப்பான்.

விடிந்ததும் ஆஸ்பத்திரிச் சேவகன் ஒருவன் வந்து, எட்டி நின்று அப்பாவிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனான். அப்பா அடுப்படிக்கு வந்து, "கேட்டியா..." என்று ஆரம்பித்தார்.

எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. "எதுவானாலும் குழந்தைகள் சாப்பிட்டப்புறம் சொல்லுங்கோ" என்றாள்.

கொட்டகைக்கு வெளியே மஞ்சள் இலை பரப்பி நானும் அம்மாவும் பிடி வைத்தோம். அதற்குள் முகாம் காவல்காரர் வந்துவிட்டார். "அன்ன ஹாக்பேடி அம்மா" என்றார், சோறு போடாதீர்கள் என்று. தரையில் சோறு கிடந்தால் எலி வரும், எலி வந்தால் பிளேக் வரும் என்று அவருக்குக் கவலை. அம்மா கன்னடத்திலேயே பதில் சொன்னாள்: ஒரு பருக்கை மிஞ்சாது, காக்கை எடுக்கும்வரை நானே காவலிருப்பேன் என்று. சொன்னபடி ஒரு குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்துவிட்டாள். அவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மரமில்லாத பொட்டலில் காக்கை எங்கிருந்து வரும்? வெயில் ஏறியது. உள்ளே தேங்காய்ச் சாதம் மணத்தது. அப்பா மறுபடியும் வந்து பின்னால் நின்றார். "நான் சொல்றதைக் கொஞ்சம்..." என்றார். அம்மா திரும்பாமலே கையை உயர்த்தித் தடுத்தாள். எனக்கு அப்பாமேல் கோபமாக வந்தது. சாப்பாடே தள்ளிக்கொண்டு போகிறது, இவர் வேறு பேச்சை இழுக்கிறாரே என்று.

கடைசியில் ஒரு காக்கை வந்தது. அது கரைந்து கூப்பிட்டு நாலைந்து வந்தன. அவை போனதும் அம்மா மண்ணில் சிந்திய பருக்கைகளைக்கூடப் பொறுக்கி எடுத்தாள். குளித்துவிட்டு உட்கார்ந்தோம்.

நான் கேட்காமலே அம்மா எனக்கு இரண்டாம் தரம் போட்டாள். எல்லோரும் எழுந்த பிறகே சாப்பிடுகிறவள், அன்று எங்களோடு தனக்கும் இலை போட்டுக்கொண்டாள். தயிர்ச் சாதத்தை நிதானமாகப் பிசைந்து, கடைசிக் கவளம்வரை சாப்பிட்டாள். அப்பா மட்டும் இலையில் விரலால் அளைந்துகொண்டிருந்தார்.

அம்மா இலைகளை எடுத்து, இடத்தை மெழுகி, கையலம்பிக்கொண்டு வந்தாள். அப்பாவுக்கு எதிரே நின்று, "இப்போ சொல்லுங்கோ" என்றாள்.

அப்பா வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை.

சாவுச் செய்தி காதில் விழுந்துவிட்டால் தீட்டு, கணு வைக்க முடியாது, ஆக்கியதையெல்லாம் கொட்டிவிட வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. காலையிலிருந்து சொல்ல வந்ததை அப்பா மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு விளையாடப் போனேன்.